நெரிசலில் சூடாகும் இன்ஜின், மாதாமாதம் குறையும் கூலன்ட்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வியின் சாரம் இது: எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். நெரிசலில் நின்று நின்று போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது; நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை ரிசர்வ் டேங்கில் அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினின் சூட்டை எடுத்துப்போகும் திரவம்) ஊற்ற வேண்டியிருக்கிறது. மெக்கானிக் சொல்லும் வழி: தெர்மோஸ்டாட்டைக் (இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிடலாம், இனிமேல் கூலன்டுக்குப் பதில் பச்சைத் தண்ணீரே போதும். செய்யலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிக் குறைகள் தெரிகின்றன. நின்றால் சூடாகி, ஓடினால் சரியாவது பெரும்பாலும் ஃபேனில், அல்லது கூலன்டை ஆற்றும் ரேடியேட்டருக்குள் காற்று புகும் பாதையில் உள்ள குறை. கூலன்ட் குறைவது கசிவு. கூலன்ட் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய சுற்றுக்குள் போய்ப்போய் வருவது. மாதம் அரை லிட்டர் குறைந்தால் அது எங்கோ ஒரு வழியாக வெளியே போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை மேலே எதை ஊற்றினாலும் அது பராமரிப்பு ஆகாது.

முதலில் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் செய்யப்படும் அலுமினியக் கலவையோ 660 டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்டில் இறங்குகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். அதே கலவையை 1 பார் அழுத்த மூடி போட்டு அடைத்துவைத்தால் கொதிநிலை 130-ஐ நெருங்குகிறது. அதாவது, இன்ஜினுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இடைவெளியில் பெரும்பகுதியைத் தருவது அந்தச் சின்ன மூடிதான். எங்கோ ஒரு கசிவு இருந்தால் கூலன்ட் மட்டும் போவதில்லை, அழுத்தமும் நிற்பதில்லை. அப்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள சூடான பகுதிகளில் கூலன்ட் கொதித்து நீராவிக் குமிழாகிறது. குமிழ் ஒட்டிய இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துப்போக எதுவும் இல்லை. ஹெட் வளைவதும் விரிசல் விடுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆகவே கசிவைத் தேடுவதில் தொடங்குவோம்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெறும் கையால் அமுக்கிப் பிடித்து வைத்திருக்க முடிந்தால்தான் மூடியைத் தொடலாம். 110 டிகிரியில் அழுத்தத்துக்குள் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்துக்கு வரும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள்; ஆறட்டும்.

உங்கள் வண்டியில் எந்த வகை டேங்க் என்று பாருங்கள். ரேடியேட்டர் மேலேயே உலோக மூடி இருந்து, பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் மூடியோடு ஒரு டேங்க் இருந்தால் அது ரிசர்வ் டேங்க். அதில் அழுத்தம் கிடையாது. சூடானதும் விரியும் கூலன்ட் அதற்குள் போகும், ஆறியதும் ரேடியேட்டருக்குத் திரும்பும். 6 லிட்டர் கூலன்ட் சூடாகும்போது ஏறத்தாழ கால் லிட்டர் விரிகிறது, அதனால் காலையில் பார்க்கும் அளவும் ஓட்டி வந்து பார்க்கும் அளவும் ஒன்றாக இருக்காது. இந்த வகையில் ஓர் ஏமாற்று உண்டு. மூடியின் ரப்பர் போய்விட்டாலோ, ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ, ஆறும்போது கூலன்ட் திரும்ப இழுக்கப்படாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். எனவே ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். இன்னொரு வகையில் டேங்க்கின் மூடியே அழுத்த மூடி. அங்கே ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேல் ஊற்றக்கூடாது, விரிவதற்குக் காற்றிடம் வேண்டும்.

மூடியில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். பார் கணக்கில் 0.9, 1.1, 1.4 என்று இருக்கும். 1.1 என்றால் ஏறத்தாழ 16 பி.எஸ்.ஐ. வண்டிக்கு உரிய எண்ணைவிடக் குறைந்த மூடி போட்டால் சீக்கிரம் கொதிக்கும், கூடிய மூடி போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் வெடிக்கும். மூடியின் அடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரிய ரப்பர் வளையம் அழுத்தத்தைத் தாங்குவது. நடுவிலுள்ள சிறிய வால்வு ஆறும்போது திறந்து உள்ளே இழுப்பது. பெரிய ரப்பரில் வெடிப்போ பள்ளமோ தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். நடு வால்வு ஒட்டிக்கொண்டால் அதன் அடையாளம் தெளிவானது: ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பென்று ஒடுங்கிக் கிடக்கும். எட்டு வருட மூடி என்றால் சோதிக்காமலே மாற்றினாலும் தவறில்லை, இந்தச் சுற்றிலேயே மிக மலிவான உதிரிபாகம் அதுதான்.

அடுத்தது அழுத்தச் சோதனை. கைப்பம்பும் மீட்டரும் கொண்ட சோதனைக் கருவியை மூடி இருக்கும் கழுத்தில் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் ஏற்றவே கூடாது. முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. எங்கே என்பதைக் கண்ணாலும் கையாலும் தேடுங்கள். ஹோஸ் நுனிகள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மடித்துச் சேர்க்கப்பட்ட ஓரம், தெர்மோஸ்டாட் கூடு, ஹீட்டருக்குப் போகும் குழாய்கள் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஈரமே இல்லாவிட்டாலும் காய்ந்த தடம் காட்டிக்கொடுக்கும். கூலன்ட் சூட்டில் ஆவியாகி, வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். சில கசிவுகள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சொட்டும், உலோகம் விரிந்ததும் நின்றுவிடும். அதனால் இந்தச் சோதனையை அதிகாலைக் குளிர்ச்சியில் ஒருமுறையும், ஓட்டி வந்து மேல் ஹோஸ் கைச்சூட்டுக்கு இறங்கிய பிறகு ஒருமுறையும் செய்வது நல்லது.

வாட்டர் பம்ப்பில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தேயும்போது கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்காக வேண்டுமென்றே வைத்த துளை அது. அதன் கீழே லேசான கறை இருப்பது சகஜம். பொருக்கு கோடாக இறங்கியிருந்தாலோ துளி தொங்கினாலோ பம்ப்பின் காலம் முடிந்துவிட்டது. பெல்ட்டைத் தளர்த்திவிட்டு புல்லியை அசைத்துப் பாருங்கள், ஆட்டமோ கரகரப்போ இருக்கக்கூடாது. அந்தத் துளையை எம்-சீல் மாதிரி எதையாவது வைத்து அடைப்பதைப் பார்க்கலாம். அதைப்போல் கெடுதல் வேறில்லை: கூலன்ட் பேரிங்குக்குள் இறங்கும், பேரிங் இறுகும், பம்ப்பை டைமிங் பெல்ட் ஓட்டும் வண்டியாக இருந்தால் பெல்ட்டும் அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும். அப்படிப்பட்ட இன்ஜினில் டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றேதான்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உள்ளே தேட வேண்டும். வண்டிக்குள் இனிப்பு வாடை, முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற மூட்டம், முன்சீட்டுக்காரர் காலடியில் கார்ப்பெட் ஈரம் என்றால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர். ஆயில் மூடியின் அடியில் காப்பி நிற நுரை இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரக்காற்றாலும் அது வரும். ஆனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) உள்ளே விரிசல் விட்டுக் கூலன்டைக் குடிக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, வெள்ளைப் புகை மட்டும் வரும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகும். அது ஓட்டையானால் கூலன்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஜாப்பால் நிறத்தில் வரும். அப்போது ரேடியேட்டரோடு விஷயம் முடியாது, கியர்பாக்ஸையும் பார்த்தாக வேண்டும்.

ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிப்பவர்கள் ஊகத்தில் இன்ஜினைப் பிரிக்கவே கூடாது. நீல நிறத் திரவத்தில் செய்யும் எளிய சோதனை இருக்கிறது. கூலன்ட் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஓடும் இன்ஜினின் ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு அதில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு காரணமாக நீலம் மஞ்சளாகும். கருவி இல்லையென்றால் இன்னோர் அடையாளம்: காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் வெதுவெதுப்பு ஆவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து வந்தது. கேஸ்கட் மாற்றுவதென்று முடிவானால் ஹெட்டின் தளத்தை நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. வளைவுக்கு மேல் அனுமதி இல்லை. அளக்காமல் புது கேஸ்கட் மட்டும் வைத்தால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஊதும்.

கசிவை அடைக்கும் பொடி, திரவம் ஆகியவற்றைப் பற்றியும் கேட்பார்கள். ஆளில்லாத வழியில் ஊர் போய்ச் சேர உதவலாம். அதைத் தாண்டி, ஓட்டையை அடைக்கத் தெரிந்த பொருளுக்கு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் ஓட்டை அல்ல என்று தெரியாது.

இனி, நெரிசலில் சூடாவது

வண்டி வேகமாகப் போகும்போது ரேடியேட்டர் வழியாகக் காற்று தானாகப் புகும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றே கதி. எனவே உங்கள் அறிகுறிக்கு முதல் சந்தேகம் ஃபேன். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சில நொடிகளில் சுழல வேண்டும். பிறகு ஏ.சி.யை நிறுத்திவிட்டு நின்றபடி ஓடவிடுங்கள். கூலன்ட் 95 முதல் 100 டிகிரி வாக்கில் ஃபேன் ஓடத் தொடங்கி, சில டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். இதைப் பார்க்க டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் 80 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்று வாங்கினால் உண்மையான டிகிரியைப் போனிலேயே பார்க்கலாம். முள் பாதியைத் தாண்டுகிறது என்று நீங்கள் சொல்வது, எண்ணில் பார்த்தால் 110-ஐத் தாண்டியதாகவே இருக்கக்கூடும்.

ஃபேன் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். அதே ரகத்து இன்னொரு ரிலே பெட்டியில் இருக்கும், மாற்றிப் போட்டாலே தெரியும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். கையால் தட்டினால் ஓடுகிறது, பிறகு நிற்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இந்த வேலைகளில் கையை இறக்குமுன் ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள் அல்லது பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும் வண்டிகள் நிறைய.

ஃபேன் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், அல்லது தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும். ஒரு தாளை முன்பக்க கிரில் அருகே, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சரின் முகத்தில் வையுங்கள். ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுப்பதாக இருந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும்; பறந்தாலோ விழுந்தாலோ குறை இருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து தூக்கி எறியப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்தை மட்டும் குளிர்விக்கும், மூலைகள் அப்படியே சூடாக இருக்கும். பெல்ட்டில் ஓடும் பழைய வகை ஃபேன் என்றால், நடுவிலுள்ள கிளட்ச்சில் சிலிக்கான் திரவம் இருக்கும். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் தள்ளினால் இறுக்கமாக எதிர்க்க வேண்டும். தள்ளிய வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது கிளட்ச் முகத்தில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் அதை மாற்ற வேண்டும்.

அதன் பிறகு ரேடியேட்டரின் வெளிப்புறம். முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஏ.சி. கன்டென்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால். பூச்சி, பஞ்சு, சருகு, தூசி எல்லாம் இரண்டுக்கும் நடுவில் போய்ப் படுக்கை மாதிரி அடைந்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். எட்டு வருட வண்டியில் இது பெரும் சந்தேகத்துக்குரிய இடம். மேல் தாங்கிகளைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று வந்த திசைக்கு எதிராக, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியின் அழுத்தம் அந்த மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். மடங்கிய தகடு அடைத்த தகடுதான்.

நெடுஞ்சாலையில், அல்லது ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது சூடானால் கதை வேறு. அப்போது காற்றுக்குக் குறைவில்லை, கூலன்டின் ஓட்டத்தில்தான் தடை: உள்ளே உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் இறக்கை, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், அல்லது பம்ப்பின் உறிஞ்சலில் ஒடுங்கும் கீழ் ஹோஸ்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் என்ன ஆகும்?

தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. 82 அல்லது 88 போன்ற குறித்த டிகிரியில் உருகத் தொடங்கி விரிந்து வால்வைத் தள்ளும். அதைக் கழற்றினால் கூலன்ட் வேகமாக ஓடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது, அதனால் சூடாகும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல, ஓட்டம் கூடினால் வெப்பப் பரிமாற்றமும் கூடத்தான் செய்யும். உண்மைக் காரணம் வேறு. பல தெர்மோஸ்டாட்களின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். முழுதாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். நெரிசலில் முன்பைவிடச் சீக்கிரம் சூடாகவும் வாய்ப்பிருக்கிறது.

குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்பதும் தவறு. கூலன்ட் 60 டிகிரியிலேயே நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் இறங்கும், ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் கசடாகும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, அடியில் படாமல், பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சுங்கள். அதன் மேல் பொறித்த டிகிரிக்கு இரண்டு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிநிலையை நெருங்கும்போது வால்வு 8 மி.மீ. அளவாவது எழும்ப வேண்டும். திரும்பப் பொருத்தும்போது மெழுகுக் குப்பி உள்ள ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கியும், ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வரும்படியும் வையுங்கள். காற்றுக் குமிழ் அந்த ஊசித் துளை வழியாகத்தான் வெளியேறும்.

பச்சைத் தண்ணீர் போதுமா?

வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீர் கூலன்டைவிட மேல், அது உண்மை. ஆனால் கூலன்டில் இருப்பது கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கால் மட்டுமல்ல. அலுமினியம், இரும்பு, செம்பு, ஈயப் பற்று எல்லாம் ஒரே திரவத்தில் நனையும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் ரசாயனமும் அதில்தான் இருக்கிறது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான பகுதியில் வெள்ளைப் பொருக்காகப் படியும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கலப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் அதற்குச் சமம் அல்ல, பல கருவிகள் சுவைக்காகத் தாது உப்புகளைத் திரும்பச் சேர்க்கின்றன.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் வெறும் சாயம். எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான நிற விதி எதுவும் இல்லை. பழைய சிலிகேட் வகைக்கு ஆயுள் ஏறத்தாழ 2 வருடம். கரிம அமில வகைக்கு 5 வருடம் வரை. சிலிகேட் இல்லாமல் பாஸ்பேட் சேர்த்த வகையை ஜப்பானிய, கொரிய வண்டிகள் கேட்கும். வண்டியின் கையேட்டில் உள்ள தரக்குறியீடு டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரகங்களைக் கலந்தால் ஆயுள் குறையும், சில சேர்க்கைகளில் கூழாகத் திரிந்து அடைக்கும். அடர் கூலன்டா, கலந்து தருவதா என்பதையும் டப்பாவில் படியுங்கள். கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது. அடர் கூலன்டை அப்படியே நிரப்புவது இன்னொரு பிழை: கிளைக்கால் கெட்டியானது, வெப்பத்தைக் குறைவாகச் சுமக்கும். உறைபனியே இல்லாத இடத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாதீர்கள், அரிப்புத் தடுப்பு குறைந்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் உறைநிலை மைனஸ் 37 டிகிரி. பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

இப்போது உள்ளே இருப்பதன் நிலையை மல்டிமீட்டரால் பார்க்கலாம். சிவப்பு முனையைக் கூலன்டில் தோய்த்து, உலோகத்தில் படாமல் பிடியுங்கள். கருப்பு முனை பேட்டரியின் நெகடிவில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3 தாண்டினால், அரிப்புத் தடுப்பு தீர்ந்து உலோகங்களுக்கிடையே கூலன்டே பேட்டரியாகிவிட்டது. விளக்கு, ஏ.சி. போட்டதும் அளவு தாவினால் எங்கோ எர்த் இணைப்பு மோசம். அதைச் சரிசெய்யாமல் புதுக் கூலன்ட் ஊற்றினாலும் சீக்கிரம் கெடும்.

மாற்றும் வேலை இப்படி. ஆறிய இன்ஜினில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து வடிக்கவும். இதில் பாதிதான் வெளியே வரும். மீதி இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் நிற்கும். பிளாக்கில் வடிகால் போல்ட் இருந்தால் அதையும் திறக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து இரண்டு ஹோஸும் சூடாகும் வரை ஓடவிட்டு, முழுக்க ஆறவைத்து, மறுபடி வடிக்கவும். தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள், வழக்கமாக மூன்று தடவை. இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. கடைசியாக வடித்த பிறகும் உள்ளே வெறும் தண்ணீர் நிற்கிறது. அந்த நிலையில் கலந்த கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், முதலில் 3 லிட்டர் அடர் கூலன்டை ஊற்றி, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மறுநாள் கலவை விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துச் சரிபார்க்கலாம்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரப்படாதீர்கள். வண்டியின் மூக்கு மேடாக இருக்கட்டும். மெதுவாக ஊற்றுங்கள், மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஏர் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழ் இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். பிளாஸ்டிக் திருகை முறுக்கினால் உடையும், கை இறுக்கம் போதும். மூடியில்லாமல் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். இன்ஜின் சூடாக இருந்தும் குளிர் காற்று வந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. அடுத்த சில நாள் காலையில் அளவு சற்று இறங்கினால் அது அந்தக் காற்று வெளியேறுவதால்தான். ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது.

ஹோஸ்களை ஆறிய நிலையில் விரலால் நசுக்குங்கள். நடுவில் நன்றாக இருந்து, கிளாம்ப் அருகே மட்டும் பஞ்சுபோல் அமுங்கினால் உட்புறத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறது. கரகரவென்று ஒலித்தால் உள் நூல் இற்றுவிட்டது. கீழ் ஹோஸில் கம்பிச்சுருள் இருக்க வேண்டிய வண்டியில் அது துருப்பிடித்துப் போய்விட்டதா என்றும் பாருங்கள்.

கனரக டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைனரின் (சிலிண்டராகப் பொருத்தும் உலோக உறை) வெளிச்சுவர் நேரடியாகக் கூலன்டில் நனையும் இன்ஜின்களில், ஒவ்வோர் எரிப்புக்கும் லைனர் அதிரும். அதன் மேல் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்து உடைந்து உலோகத்தைத் துளைக்கும். அதைத் தடுக்கும் சேர்மானம் உள்ள டீசல் கூலன்டே ஊற்ற வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் சோதனைத் தாளால் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கார் கூலன்டும் பச்சைத் தண்ணீரும் அங்கே லைனரையே ஓட்டையாக்கிவிடும்.

வடித்த பழைய கூலன்டைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். மூடிய கேனில் அடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்வதற்குள் வழியில் முள் ஏறினால்: ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சிவப்புக்குப் போன முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள்; சென்சாரைச் சுற்றிக் கூலன்டே இல்லாமல் போயிருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது, உள்ளேயும் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது, ஹெட் விரிசல் விடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறட்டும். மேல் ஹோஸ் கைச்சூட்டுக்கு வந்த பிறகு மூடியை முதல் நிறுத்தம் வரை திருப்பி, அழுத்தம் போனதும் திறந்து, கையில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதையே ஊற்றிப் பட்டறை வரை ஓட்டலாம். ஆனால் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று குறித்துவையுங்கள். கசிவைச் சரிசெய்த பிறகு அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கூலன்ட் நிரப்பியாக வேண்டும்.